சாவி தவறு

பூட்டு விக்கிற கடையா? அப்ப பஸ் போய்ச் சேருறதுக்குள்ள நீங்கதான் நியாயம் சொல்லணும் அண்ணாச்சி.

ஒரு ஆளு உங்க கடையில பூட்டு வாங்கிட்டுப் போறான். நல்ல பூட்டு, நீங்களே எடுத்துக் குடுத்தது. கொஞ்ச நாள் கழிச்சு வந்து, சாவி சேர மாட்டேங்கு, நீ வித்த பூட்டு சரியில்லன்னு கடை வாசல்ல நின்னு சத்தம் போடுதான். நீங்க என்ன சொல்லுவீங்க? ஆங். முதல்ல சாவியக் காட்டுடேன்னு சொல்லுவீங்க. அதைத்தான் நானும் சொன்னேன். நான் சொன்னா மட்டும் குத்தமாப் போச்சு.

எம்பேரு செல்வின். சென்னையில ஒரு கம்பெனியில இருந்தேன். அம்மாவுக்கு முடியலன்னு தூத்துக்குடிக்கே வந்துட்டேன். இப்ப வீட்டுல இருந்தே புரோகிராம் எழுதுதேன். கடைகளுக்கு பில் போடுறது, ஸ்டாக் பாக்குறது, அந்த மாதிரி. உங்க கடைக்கு வேணும்னா சொல்லுங்க. சரி, அது பிறகு.

ரெஜினா அக்கான்னு ஒருத்தங்க. எங்க அம்மாகூட கோயில்ல பாட்டுப் பாடுறவங்க. துறைமுகத்துல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. ரிட்டயர் ஆனதும் மத்தவங்க மாதிரி வீட்டுல இருக்காம, பொம்பளையளுக்குன்னு ஒரு ஆலோசனை மையம் ஆரம்பிச்சாவ. மையம்னா பெருசா நினைச்சிராதீங்க. மாடியில ஒரு ரூம், ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு மண்பானை, ஒரு பழைய கம்ப்யூட்டர். புருஷன் அடிச்சான், வேலை பாக்குற இடத்துல தொந்தரவு குடுக்கான், இப்படி யாராவது வந்து சொல்லுவாங்க. அக்கா கேட்டுக்கிட்டே டைப் பண்ணுவாவ. என்ன வேகம்ங்கீங்க! கண்ணு அந்தப் பொம்பளை முகத்துலதான் இருக்கும், கை பாட்டுக்கு ஓடும்.

ஒரு தடவை ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போன மறுநாள், அவ புருஷன் கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டு மாடி ஏறிட்டான். கம்ப்யூட்டரைப் போடு, என் பொண்டாட்டி என்ன சொன்னான்னு நான் பாக்கணும்னு. அக்கா முடியாதுன்னு நின்னாவ. அவனே சுவிட்சைப் போட்டு, அவனே தேடி, படிச்சிட்டான். அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுங்கிறத நான் சொல்ல வேண்டாம்.

மறுநாள் அக்கா எங்க வீட்டுக்கு வந்தாவ. காப்பி குடுத்தா அம்மா, குடிக்கல. “செல்வின், எவன் பெட்டியத் தூக்கிட்டுப் போனாலும் ஒரு எழுத்து படிக்க முடியாதபடி ஏதாவது பண்ணித் தருவியா?”ன்னு கேட்டாவ.

“பண்ணலாம்க்கா.”

“நீ கூடப் படிக்க முடியாதுல்லா?”

“என்னாலயும் முடியாதுக்கா. அந்தப் புரோகிராமை எழுதினவனாலயே முடியாது.”

அப்பதான் அந்தக் காப்பியை எடுத்துக் குடிச்சாவ.

அது எப்படின்னு சொல்லுதேன், உங்களுக்கு லேசாப் புரியும். நீங்க ‘நேத்து மழை பேஞ்சுது’ன்னு ஒரு வரி எழுதுதீங்கன்னு வைங்க. அந்த வரியும் ஒரு சாவியும் புரோகிராமுக்குள்ள போகும். வெளிய வாரது வெறும் குப்பை. எழுத்தும் நம்பருமா, தலையும் வாலும் இல்லாம. அதே சாவியைப் போட்டுத் திருப்பினா மழை பேஞ்சுது திரும்பி வந்துரும். பூட்டவும் அதே சாவி, திறக்கவும் அதே சாவி. சாவின்னா இரும்பு இல்ல, ஒரு வாக்கியம். நீங்களே நினைச்சு வச்சிக்கிற ஒரு வாக்கியம். அதுல ஒரே ஒரு எழுத்து மாறினாலும், பாதி மழை வரும் கால் மழை வரும்னு நினைக்காதீங்க. ஒண்ணும் வராது. ‘சாவி தவறு’ன்னு சிவப்பு எழுத்துல வரும். அந்த ரெண்டு வார்த்தை நான் வச்சதுதான். அக்காவுக்குப் புரியணும்னு தமிழ்லயே வச்சேன்.

அக்காகிட்ட, யாரும் ஊகிக்க முடியாத வாக்கியமா வைங்கன்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே அடிச்சாவ. என்னன்னு நான் கேக்கல. அதுல நான் ரொம்ப சுத்தம் அண்ணாச்சி.

கொஞ்ச காலம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்தப் பழைய பெட்டியில அக்கா அடிப்பாவ, பூட்டுவாவ, வேணும்போது திறப்பாவ. ஒரு நாள் கூட ஒரு குறை சொன்னதில்ல.

அப்புறம்தான் இந்தப் பொண்ணு கேஸ் வந்தது. பேரு சொல்லக்கூடாது. கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கு, புருஷன் கப்பல்ல இருக்கான். இறால் கம்பெனியில உரிக்கிற வேலை. அங்க சூப்பர்வைசர் ஒருத்தன் அவகிட்ட முறைகேடா நடந்துக்கிட்டான். நடந்த மறுநாளே மாடி ஏறி வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. புகார் குடுப்போம்னு அக்கா சொல்லியிருக்காவ. இசக்கி பயந்துட்டா, வேலை போயிரும்னு... ஐயோ, பேரைச் சொல்லிட்டேன் பாத்தீங்களா. சரி, நீங்க யார்கிட்ட போய்ச் சொல்லப் போறீங்க.

பயந்துக்கிட்டு சும்மா இருந்தா. ஆனா வேலை போகத்தான் செஞ்சுது. அந்த ஆளே ஏதோ காரணம் சொல்லி வெளிய அனுப்பிட்டான். அதுக்கப்புறம்தான் துணிஞ்சு புகார் குடுத்தா. கம்பெனியில விசாரணைக் கமிட்டி போட்டாங்க. அவன் தரப்புல என்ன சொன்னாங்க தெரியுமா? வேலையை விட்டு எடுத்த ஆத்திரத்துல இப்பக் கட்டின கதை இதுன்னாங்க. அது நடந்தப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேட்டாங்க.

அவதான் சொல்லியிருக்காளே! மறுநாளே சொல்லியிருக்கா. அக்கா டைப் பண்ணி வச்சிருக்காவ. எந்தத் தேதியில எழுதினதுங்கிறதும் பூட்டும்போதே உள்ள பதிஞ்சிரும், பிறகு யாரும் மாத்த முடியாது. அதுவும் நான் வச்சதுதான். அதைத் திறந்து காட்டினா கேஸ் முடிஞ்சுது.

விசாரணைக்கு முந்தின வாரம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்துட்டு.

வலது பக்கம் முழுசா இழுத்துக்கிச்சு. வாய் கோணி, பேச்சு குழறிப்போச்சு. ஆனா நினைவு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. இசக்கியோட வக்கீல் தங்கபுஷ்பம் மேடம் எனக்கு போன் போட்டு, “செல்வின், அந்தக் குறிப்பை உடனே எடுத்துத் தாங்க”ன்னாவ. அந்தப் பழைய பெட்டி ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் ஓடாது. அதை விசாரணைக்குத் தூக்கிட்டா போக முடியும்? பூட்டின ஃபைல் எல்லாத்தையும் என் லேப்டாப்புல காப்பி பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அக்கா என்னைப் பாத்ததும் இடது கையை நீட்டினாவ. லேப்டாப்பைத் திறந்து முன்னால வச்சேன். ஒரு விரலால நாலஞ்சு எழுத்து தட்டிப் பாத்தாவ. “எழுத்து இடம் மாறிக் கெடக்கே”ன்னாவ. குழறித்தான் சொன்னாவ, எனக்குப் புரிஞ்சுது. நான், “நீங்க சொல்லுங்கக்கா, நான் அடிக்கேன்”ன்னேன். என் காதுகிட்ட வந்து சொன்னாவ.

என்ன சொன்னாவ தெரியுமா? ‘எங்க வீட்டுக் கோழி கொடுக்காப்புளி தின்னும்.’

நர்ஸ் பிள்ளை எட்டிப் பாத்துட்டு, “பாட்டிம்மா என்னமோ உளறுதாங்களே”ன்னுது. உளறலை அண்ணாச்சி, அதுதான் வாக்கியம். அக்கா சின்னப் பிள்ளையில வளத்த கோழியாம். நானும் அடிச்சேன். சாவி தவறு.

திரும்ப அடிச்சேன். இடைவெளி விட்டு அடிச்சேன், விடாம அடிச்சேன். கடைசியில புள்ளி வச்சேன். ‘எங்கள் வீட்டு’ன்னு போட்டேன். சாவி தவறு. சாவி தவறு.

“வேற ஏதாவது வச்சீங்களாக்கா? யோசிச்சுப் பாருங்க.”

“அதேதான் செல்வின்.”

“நல்லா யோசிங்கக்கா. கோழியா, வாத்தா?”

அக்கா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாவ. இழுத்துக்கிட்ட பக்கத்துக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அது பக்கவாதத்துல தானா வருமாம், டாக்டர் சொன்னாரு. பிறகு மெதுவா, “எனக்கு மூளை குழம்பிட்டுன்னு நினைக்கியா?”ன்னாவ.

“அப்படிச் சொல்லலக்கா. மறந்திருக்கும். இந்த நிலைமையில யாருக்கும் மறக்கும்.”

“அந்தப் பெட்டியிலயே அடிச்சுப் பாரேன்.”

“எந்தப் பெட்டியானா என்னக்கா, கணக்கு ஒண்ணுதான்”ன்னு சொன்னேன். உண்மைதான அது? ஒரே புரோகிராம், ஒரே ஃபைல். நீங்க விக்கிற பூட்டைத் தூத்துக்குடியில திறந்தா என்ன, திருநெல்வேலியில திறந்தா என்ன.

விசாரணை நாள் வந்துட்டு. நான் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு மேடம் பக்கத்துல உக்காந்தேன். ஏசி ரூம், நீள மேசை. அந்தப் பக்கம் சூப்பர்வைசரும் அவன் வக்கீலும். இந்தப் பக்கம் இசக்கி. ஊதா கலர் சேலை கட்டியிருந்தா, முந்தானையை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு. நடுவுல கமிட்டி ஆளுங்க. மேடம் எழுந்து, எழுதின குறிப்பு இருக்கு, பூட்டியிருக்கு, திறந்துக்கிட்டு இருக்கோம்னாவ. அவங்களும் கொஞ்ச நேரம் பாத்தாங்க. நான் அடிக்கேன், சிவப்பு வருது. அடிக்கேன், சிவப்பு வருது. 

கமிட்டித் தலைவி, “குறிப்பு இல்லன்னா பரவால்லம்மா, நீங்களே என்ன நடந்ததுன்னு சொல்லுங்க”ன்னாங்க.

இசக்கி மேடத்தைப் பாத்தா. “மறுபடியுமா?”ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. பிறகு சொல்ல ஆரம்பிச்சா.

அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாக் கேக்கல. எனக்கு ஸ்கிரீன்லதான் கண்ணு. அவ சொல்லி முடிக்கதுக்குள்ள திறந்துரணும், திறந்துரணும்னு அடிச்சிக்கிட்டே இருந்தேன். நடுநடுவுல அவ நிறுத்தும்போது நிமிந்து பாப்பேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் இல்லைன்னு தலையாட்டுவேன். அவ மறுபடியும் சொல்லுவா. அந்த ஆளோட வக்கீல், கதவு எந்தப் பக்கம் திறக்கும், அன்னைக்கு என்ன கிழமை, கையில என்ன வச்சிருந்தீங்க, முதல்ல டிரேன்னீங்க இப்ப கூடைங்கிறீங்கன்னு குடைஞ்சான். அவ திணறிட்டா.

மேடம் கடைசியா ஒண்ணு கேட்டுப் பாத்தாவ. ரெஜினா அக்கா ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க, நினைவு இருக்கு, யாராவது போய் அவங்க வாயாலயே கேட்டுக்கலாம்னாவ. கமிட்டித் தலைவி சரின்னு சொல்லப் போனாங்க. அந்த வக்கீல் பட்டுன்னு என் பக்கம் திரும்பி, “உங்க புரோகிராம் கோளாறா, இல்ல அந்தம்மா சொன்ன சாவி தப்பா?”ன்னு கேட்டான்.

நான் உள்ளதைச் சொன்னேன். “என் புரோகிராம்ல கோளாறு இல்ல. அக்காவுக்குத்தான் ஞாபகம் தப்பிட்டு”ன்னேன்.

பிறகு அக்காவை யாரும் போய்க் கேக்கல. ஞாபகம் தப்பினவங்ககிட்ட என்னத்தக் கேக்கன்னு விட்டுட்டாங்க. புகார் நிரூபிக்கப்படலன்னு எழுதிட்டாங்க. வெளிய வரும்போது தங்கபுஷ்பம் மேடம் என் முகத்தைப் பாக்கவே இல்ல. நான் பின்னாலயே ஓடி, “மேடம், நான் என்ன பொய்யா சொன்னேன்?”ன்னு கேட்டேன். “இல்ல செல்வின், நீங்க பொய் சொல்லல”ன்னுட்டு ஆட்டோவுல ஏறிட்டாவ. அதுல கோவப்பட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. பாதாம் பால் வேணுமா? இல்லையா, சரி. இந்த ஸ்டாப்புல நல்லாருக்கும்.

அக்கா ஆஸ்பத்திரியை விட்டு வரவே இல்ல. கொஞ்ச நாள்லயே இன்னொரு தடவை பக்கவாதம் வந்து, போய்ச் சேந்துட்டாவ. அதுக்கு முன்னால ஒரு தடவை பாக்கப் போனேன். என்னைப் பாத்ததும் இடது கையை ஆட்டி, “கோழி... கோழி...”ன்னாவ. நான், “சரிக்கா, சரிக்கா, அதெல்லாம் விடுங்க, ரெஸ்ட் எடுங்க”ன்னேன். கையைக் கீழ போட்டுட்டாவ. பக்கத்துல அவங்க தங்கச்சி, “இந்த ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருக்கா, புத்தி பேதலிச்சுப் போச்சு”ன்னாங்க. 

அடக்கம் முடிஞ்சு, அந்த மாடி ரூமைக் காலி பண்ணணும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. தங்கச்சி என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை நீயே எடுத்துக்கோன்னாங்க. போய் சுவிட்சைப் போட்டேன், ஓடுதான்னு பாக்க. ஓடுச்சு. கீபோர்டைப் பாத்தா, அக்கா பழைய டைப்ரைட்டர் முறையில வச்சிருக்காவ. எனக்கு அந்த முறை வராது. எழுத்தைத் தேடித் தேடி, என்னமோ தோணி, கோழி வாக்கியத்தையே அடிச்சேன்.

திறந்துட்டு.

 அப்புறம் என் லேப்டாப்பைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாத்தேன். பாத்தா, விஷயம் என்னன்னா அண்ணாச்சி... நீங்க ‘கோ’ன்னு கையால எழுதும்போது எப்படி எழுதுவீங்க? முதல்ல கொம்பு, பிறகு க, பிறகு கால். அக்கா டைப்ரைட்டிங் படிச்சவங்க, அப்படித்தான் அடிப்பாவ, கொம்பு தனி, கால் தனி. நான் அடிக்கிற முறையில கொம்பும் காலும் சேந்து ஒரே குறியா வந்துரும். ஸ்கிரீன்ல பாத்தா ரெண்டும் ஒரே கோழி. இம்மி வித்தியாசம் இல்ல. ஆனா உள்ளுக்குள்ள கம்ப்யூட்டருக்கு அது வேற, இது வேற. கோழியும் வேற, கொடுக்காப்புளியும் வேற. சாவி மாறிட்டு.

அக்கா சரியாத்தான் சொல்லியிருக்காவ. ஒரு எழுத்து பிசகல.

இதுக்கு ஒரே ஒரு வரி போதும் அண்ணாச்சி. எப்படி அடிச்சாலும் முதல்ல ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டு, பிறகு சாவி செய்யின்னு ஒரு வரி. அன்னைக்கே உக்காந்து சேத்துட்டேன். அது ஏன் முன்னாலயே இல்லன்னு மேடம் கேட்டாவ. எப்படி இருக்கும்? இங்கிலீஷ்ல இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரே எழுத்தை ரெண்டு விதமா வைக்கலாம்னு விட்டவன் மேலதான தப்பு. என் பூட்டு சரியாத்தான் வேலை செஞ்சுது. வேற சாவி போட்டா திறக்கக்கூடாது, திறக்கல.

சரி, திறந்துட்டு. சரியாத் திறந்திருக்கான்னு பாக்கணும்லா? பாத்தேன். முதல் வரி பாத்தாப் போதும்தான். இந்த முறையில திறந்துட்டா முழுசும் சரியாத்தான் இருக்கும், நடுவுல கெட்டுப்போக வழியில்ல. இருந்தாலும் ஒரு பொறுப்பு இருக்குல்லா. கடைசி வரைக்கும் பாத்தேன்.

அங்கன இருந்து அப்படியே பைக்கை எடுத்தேன். இசக்கி இப்ப உப்பளத்துல வேலை பாக்கா. வெயில்ல பாத்தி ஓரமா போய் இறங்கினேன். பொம்பளையள்லாம் கொட்டகை நிழல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு மூச்சு வாங்குது. தூரத்துல இருந்தே சத்தமாச் சொன்னேன்.

“இசக்கி, திறந்துட்டு! அக்கா சொன்ன சாவி சரிதான்! எல்லாம் அப்படியே இருக்கு, ஒரு எழுத்து மாறல. ஐஸ் ரூம் கதவு, நீ கையில வச்சிருந்த டிரே, அவன் சொன்னது, எல்லாம்...”

அவ தூக்குவாளியை மூடி வச்சா. மத்த பொம்பளையள் சாப்பிடுறதை நிறுத்திட்டாங்க.

“நீங்க படிச்சீங்களா?”ன்னு கேட்டா.

“சரிபாக்கணும்லா.”

 உப்பு ஒட்டின கையை சேலையில துடைச்சிக்கிட்டே இருந்தா. கை சுத்தமானதுக்குப் பிறகும் துடைச்சா. சந்தோசப்படுவான்னு நினைச்சு அவ்வளவு தூரம் வெயில்ல போயிருக்கேன் அண்ணாச்சி. ஒரு வாய் தண்ணி குடிங்கன்னு கூடச் சொல்லல.

ரெண்டு நாள் கழிச்சு தங்கபுஷ்பம் மேடம் அவளைக் கூட்டிக்கிட்டு மாடி ரூமுக்கு வந்தாவ. மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு, இது போதும், ஜெயிக்கலாம்னு மேடம் சொன்னாவ. இசக்கி, “முதல்ல நான் படிக்கணும்”ன்னா. நான் லேப்டாப்புல திறந்து குடுத்தேன். மெதுவா, உதட்டை அசைச்சு அசைச்சு வாசிச்சா. எங்கயும் நிறுத்தல, முகமும் மாறல. கடைசிக்கு வந்ததும் நின்னுட்டா. அங்க அக்கா தன்பாட்டுக்கு ரெண்டு மூணு வரி எழுதியிருப்பாவ. எனக்கு அது மனப்பாடம். ‘சொல்லும்போது இந்தப் பெண் அழவில்லை. நான்தான் அழுதுவிட்டேன். எழுந்து போய்ப் பானையிலிருந்து எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.’

அதைப் படிச்சிட்டு இசக்கி மேசையில தலையைச் சாச்சிட்டா. மேடம் அவ முதுகைத் தடவிக்கிட்டே, நான் வெளிய போகணும்ங்கிற மாதிரி என்னைப் பாத்தாவ. லேப்டாப் அங்க இருக்கே, எப்படிப் போக? நின்னேன்.

நிமிந்தப்ப முகத்தைத் துடைக்கல. “இதைத் திரும்பப் பூட்டணும். எனக்குத் தெரிஞ்ச சாவி போட்டு”ன்னா.

“கோழி வாக்கியமே இருக்கட்டும் இசக்கி. எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும், எல்லாருக்கும் வசதி.”

“அதான் வேண்டாங்கேன்.”

மேடத்தைப் பாத்தேன். மேடம் கொஞ்சம் யோசிச்சிட்டு, “அவ சொல்ற மாதிரி செய்ங்க”ன்னாவ. செஞ்சேன். அக்கா எழுதின தேதி உள்ள அப்படியே இருக்கும், சாவி மட்டும்தான் மாறும். அவ லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டு நிதானமா அடிச்சா. நீளமான வாக்கியம் போல, ரொம்ப நேரம் அடிச்சா. பூட்டினதும், “வேற எங்க எங்க இருக்கு?”ன்னு கேட்டா. பழைய பெட்டியில இருந்ததை, பென் டிரைவுல இருந்ததை, எல்லாத்தையும் அவ கண்ணு முன்னாலயே அழிச்சேன்.  இனி இது ஒண்ணுதான் இருக்கு.

“இங்க பாரு இசக்கி. ஒரு எழுத்து மறந்துட்டாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உலகத்துல யாராலயும் முடியாது. மறந்துட்டா என்ன பண்ணுவ?”

என்னை ஏற இறங்கப் பாத்தா. “மறக்கிற விஷயமா அது?”ன்னா.

சொல்லிட்டுப் படி இறங்கிப் போயிட்டா. நல்லதுக்குக் கேட்டா இப்படித்தான் பதில் வருது.

இதோ, தெப்பக்குளம் தாண்டிட்டு, இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ் ஸ்டாண்டு வந்துரும். இப்ப எங்க போறேன்னு கேட்டீங்கல்லா? அந்த மேல்முறையீட்டுக்குத்தான். இன்னைக்கு மத்தியானம் கோர்ட்டுல எடுக்காங்க. ஜட்ஜ் அம்மா, தன் ரூம்லயே வச்சுத் திறந்து காட்டச் சொல்லியிருக்காங்க. நேத்து மேடம் போன் போட்டு, லேப்டாப்பை நல்லா சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்கன்னாவ. ராத்திரியே போட்டு வச்சிட்டேன். நல்ல சட்டையா எடுத்துப் போட்டேன். ஜட்ஜ் ஏதாவது கேட்டா என்ன சொல்லணும்னு, அந்தக் கொம்பு, கால் விஷயத்தையெல்லாம் தெளிவா மனசுல தயார் பண்ணி வச்சேன். ரெஜினா அக்கா சொன்னது தப்பில்லன்னும் சொல்லணும்னு இருந்தேன். ஒரு வாய்ப்பு கிடைச்சா அதையும் சொல்லிரணும்.

காலையில பஸ் ஏறும்போது மேடம்கிட்ட இருந்து மறுபடியும் போன். ரொம்பத் தயங்கித் தயங்கித்தான் பேசினாவ. இசக்கி ஒரே ஒரு கோரிக்கை வச்சிருக்காளாம். உள்ள ஜட்ஜ் அம்மாவும் மேடமும் இருக்கலாமாம், எதிர்த் தரப்பு வக்கீல் இருந்தாலும் பரவால்லையாம்.

“அவரு லேப்டாப்பை மேசையில வச்சிட்டு வெளிய நிக்கட்டும்”னு சொல்லியிருக்கா.

நான் எழுதின புரோகிராம் அண்ணாச்சி. நான் வெளிய நிக்கணுமாம். ஏன்னு கேட்டேன், மேடம் போனை வச்சிட்டாவ. உங்களுக்காவது ஏதாவது புரியுதா?

நிக்கேன். வேற என்ன பண்ண.